தேர் வீதிகளையும் தேரைப் போலப் பேண வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பங்குனித் திருவிழா வந்தால் திருவாரூர் ஆழித்தேரின் உயரமும் எடையும் செய்திகளில் முதலிடம் பெறுகின்றன. அலங்காரம் முடிந்தபின் 96 அடி உயரம், ஏறத்தாழ 300 டன் எடை, ஆசியாவிலேயே பெரிய தேர் என்பவை பெருமைக்குரிய செய்திகள்தாம். ஆயினும் அவ்வளவு பெரிய தேர் ஓடும் வீதியைப் பற்றி எவரும் பேசுவதில்லை என்பது, தேர் வீதி ஒன்றில் குடியிருப்பவன் என்ற முறையில் எனக்கு நெடுநாளாக உள்ள குறை.

திருவாரூர்க் கோயிலில் எழுந்தருளியிருக்கும் தியாகராஜப் பெருமானின் திருமேனி ஆண்டு முழுவதும் மலராலும் ஆடையாலும் மறைக்கப்பட்டே இருக்கும். மார்கழித் திருவாதிரையில் ஒரு திருவடியும் பங்குனி உத்திரத்தில் மற்றொரு திருவடியும் அடியார்க்குக் காட்டப்படும். அவ்வளவு மறைபொருளாக வீற்றிருக்கும் பெருமான், மூச்சின் ஏற்ற இறக்கத்தை ஒத்த அசைவான அஜபா நடனத்தோடு தேருக்கு எழுந்தருளி, நடக்க இயலாத முதியவரும் நோயாளியும் தத்தம் திண்ணையிலிருந்தே கும்பிடும்படி நான்கு வீதிகளையும் வலம் வருகிறார் என்பதில்தான் தேர்த் திருவிழாவின் உட்பொருள் இருப்பதாக நான் கருதுகிறேன். ஏழாம் நூற்றாண்டில் அப்பர் பாடிய திருவாதிரைப் பதிகமும் ஆரூர் வீதிகளில் கட்டிய கொடிகளையும் விதானங்களையும், பெருமானைச் சூழ்ந்து சென்ற பலதரப்பட்ட அடியார் கூட்டத்தையும்தான் பேசுகிறது. கோயிலுக்குள் நுழையவே பலருக்கு அனுமதி இல்லாதிருந்த நெடுங்காலத்தில், சாமி வெளியே வரும் நாளின் மதிப்பு அவர்களுக்கு எத்தகையதாக இருந்திருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த வீதியிலும் தடைகள் இருந்தன என்பதை மறைப்பதற்கில்லை. வடத்தை யார் பிடிப்பது என்ற தகராறில் பல ஆண்டுகள் நின்று கிடந்த சிவகங்கை மாவட்டக் கண்டதேவித் தேர், நீதிமன்றத் தலையீட்டுக்குப் பின் 2024-ஆம் ஆண்டில்தான் மீண்டும் ஓடியது.

நம் முன்னோர் தேர் வீதியைக் கோயிலின் வெளிப் பிராகாரமாகவே கொண்டார்கள். திருவரங்கத்தில் சித்திரைத் தேர் ஓடும் வீதிக்குச் சித்திரை வீதி என்றே பெயர். மதுரையில் சித்திரைத் தேர் மாசி வீதிகளில் ஓடுவதற்குக் காரணம், அத்திருவிழா முன்பு மாசியில் நடந்து, திருமலை நாயக்கர் காலத்தில் சித்திரைக்கு மாற்றப்பட்டதே. திருவிழாவை ஒட்டியே வீதிகளின் அகலத்தையும் திருப்பங்களையும் வகுத்த ஊர்கள் இவை.

தேர் நகர்வதை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு வீதியின் முக்கியத்துவத்தை விளக்கத் தேவையில்லை. “ஆரூரா, தியாகேசா” என்று முழங்கியபடி வடம் பிடிப்போருக்குப் பின்னால் நடப்பது எதுவும் தெரியாது. தேரின் போக்கு முழுவதும் சக்கரத்தை ஒட்டிக் குனிந்தபடியே நடந்து வரும் முட்டுக்கட்டைக்காரர்களின் கையில் இருக்கிறது. தேர் ஒரு பக்கம் ஒதுங்கத் தொடங்கினால், எந்தச் சக்கரத்தின் கீழ், எந்தச் சாய்வில், எந்த நொடியில் கட்டையைச் செருகுவது என்பதைக் கண்ணால் அளந்து அவர்கள் முடிவு செய்கிறார்கள். கட்டையின் மேல் ஏறும் சக்கரம் அதன் சாய்வில் வழுக்கி நேர்வழிக்குத் திரும்புகிறது. கட்டையோ நசுங்கி நார் நாராகக் கிழிந்து வெளியே வருகிறது. வீதி முனைகளில் இரும்புத் தகடுகளைப் பரப்பி, மசகு தடவி, சக்கரங்களை அவற்றின் மேல் நழுவவிட்டுத் தேரைத் திருப்புவார்கள். இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்தபின்னும், பின்னிருந்து புல்டோசர்கள் தள்ளும் இக்காலத்திலும், இந்தக் கைவேலைக்கு மாற்று வரவில்லை. கையளவு பள்ளமோ அண்மையில் தோண்டி மூடிய குழாய்ப் பள்ளமோ சக்கரத்தின் கீழ் வந்துவிட்டால், அவர்கள் கணக்கு முழுவதும் தவறிவிடும்.

நின்ற தேரை மீண்டும் ஓட வைப்பது இயலாத செயல் அன்று. ஆழித்தேர் 1926-இல் தீக்கிரையாகி, புதிதாகச் செய்த தேர் 1930-இல் ஓடியது. 1948-க்குப் பின் நின்றுபோன அந்தத் தேரை, தமிழ்நாடு அரசின் முயற்சியாலும் திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தின் பொறியியல் உதவியாலும் 1970-இல் மீண்டும் ஓடச் செய்தார்கள். தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் புதிய தேர் செய்து, ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின் 2015-இல் தேரோட்டம் நடந்தது. தேரைச் செய்வதற்குக் காட்டிய இந்த அக்கறையில் ஒரு பகுதியையேனும் வீதிக்குக் காட்டியிருந்தால் நான் இக்கடிதத்தை எழுத நேர்ந்திராது.

2022 ஏப்ரலில் தஞ்சையை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி, சிறுவர்கள் உட்பட 11 பேர் மாண்டதை இந்த மாவட்டங்களில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிய தாரைப் போட்டுக்கொண்டு போனால் வீதியின் மட்டம் ஒவ்வொரு முறையும் உயர்கிறது. மேலே செல்லும் கம்பியோ கட்டிய உயரத்திலேயே இருக்கிறது. நான் குடியிருக்கும் வீதியில் மூன்று படி ஏறிச் சென்ற வீடுகளுக்கு இன்று ஒரே படிதான் மிஞ்சியிருக்கிறது. பெரிய கோயில்களில் தேரன்று மின்சாரத்தை நிறுத்திக் கம்பிகளைக் கழற்றும் ஏற்பாடாவது உண்டு. ஊரார் தாமே மூங்கிலும் பலகையும் கட்டி இழுக்கும் சிற்றூர்ச் சப்பரங்களுக்கு அந்தப் பாதுகாப்பும் உறுதியாகக் கிடைப்பதில்லை என்பதே எனக்கு மிகுந்த கவலை அளிக்கிறது.

ஆகவே தேரும் சப்பரமும் செல்லும் வீதிகளில் மின்கம்பிகளை மண்ணுக்கடியில் செல்லும் புதைவடமாக மாற்றும் பணியைப் பெருங்கோயில்களோடு நிறுத்திவிடாமல் சிற்றூர்களுக்கும் கொண்டு செல்ல வேண்டும். இவ்வீதிகளில் பழைய பரப்பை அகற்றாமல் புதிய தார் போடுவதற்கு உள்ளாட்சி அமைப்புகள் ஒப்புதல் தரக் கூடாது. சாக்கடை மேல்மூடிகளும் சிறுபாலங்களும் தேரின் எடையைத் தாங்குமா என்பதைப் பொறியாளர்கள் சோதித்துச் சான்றளிக்க வேண்டும். முட்டுக்கட்டை போடுவோருக்குக் காப்பீடும், அவர்களிடம் இளைஞர்கள் தொழில் பழகுவதற்கு உதவித்தொகையும் அளிப்பது அறநிலையத் துறைக்குப் பெரிய செலவாக இராது. தேருக்கு முந்தைய நாள் அவசரமாக வந்து பார்வையிடும் வழக்கத்தை விட்டு, கொடியேற்றத்துக்கு இரண்டு மாதம் முன்பே அறநிலையத் துறையும் மின்வாரியமும் நகராட்சியும் முட்டுக்கட்டைக்காரர்களை உடன் அழைத்துக்கொண்டு வீதிகளை நடந்து பார்த்து, கண்ட குறைகளையும் அவற்றைச் சரிசெய்யும் தேதியையும் ஊர் மக்கள் அறிய வெளியிட வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தேர் வீதிவாசி ஒருவர்,
திருவாரூர் மாவட்டம்.