அநாதை என்று எழுதியது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரியாவில் பிறந்து அமெரிக்காவில் தத்துப் பிள்ளையாக வளர்ந்த பெண் தன்னைப் பெற்றவளைத் தேடும் கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். மனது கனத்துப்போனது. ஆனால் அதை ஒரு மகளின் ஏக்கமாக மட்டும் சொல்லி நிறுத்திவிட்டீர்களே என்ற வருத்தமும் இருக்கிறது. தாய் யாரென்று தெரியாமல் போனதற்கு வறுமையை மட்டும் காரணம் சொல்ல முடியாது. பல குழந்தைகளின் ஆவணங்களையே மாற்றி எழுதியிருக்கிறார்கள்.

பழைய மனித உரிமை மீறல்களை விசாரிக்கும் தென்கொரிய அரசு அமைப்பான உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையமே 2025 மார்ச்சில் இதைச் சொல்லிவிட்டது. 1964 முதல் 1999 வரை குறைந்தது 1,41,778 குழந்தைகள் வெளிநாடு அனுப்பப்பட்டார்கள். பெற்றோர் இருந்த பிள்ளைகளையும் அநாதை என்று பதிவேட்டில் ஏற்றியிருக்கிறார்கள். அப்படி ஏற்றிவிட்டால் பெற்றவளின் சம்மதம் தேவையில்லை. தத்து நிறுவனத் தலைவரே காப்பாளராகிக் கையெழுத்துப் போட்டுவிடலாம். அனுப்பவிருந்த குழந்தை இறந்துபோனாலோ, பெற்றவர்கள் வந்து திரும்ப வாங்கிக்கொண்டாலோ, வேறொரு குழந்தையை அதே பெயரில் விமானம் ஏற்றிய கொடுமையும் நடந்திருக்கிறது. அந்தப் பிள்ளை வளர்ந்து, அந்த ஆவணத்தை நம்பி சியோலுக்கு வந்தால் யாருடைய தாயைத் தேடும்?

இன்றைய சட்டத்தில் பெற்றவர் சம்மதித்தால்தான் அவரைப் பற்றிய விவரம் கிடைக்கும். கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் பெரும்பாலும் கதவு சாத்தியதுதான். கல்யாணமாகாமல் பிள்ளை பெற்று, ஊர்ப்பேச்சுக்குப் பயந்து வாழ்ந்த தாய்மார் எத்தனையோ பேர்; அவர்களுடைய அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் அன்று குழந்தையை அனுப்பியபோது கேட்காத சம்மதத்தை, இன்று மகள் பெயர் கேட்கும்போது மட்டும் கேட்பது என்ன நியாயம்? இப்படித் தத்துப் போன ஒரு பெண் மரபணுச் சோதனை மூலம் தந்தையைக் கண்டுபிடித்து, வழக்குப் போட்டு, 2020 ஜூனில் சியோல் குடும்ப நீதிமன்றத்தில் மகள் என்று தீர்ப்பு வாங்கினார். தாய் யாரென்று தந்தையிடம் கேட்பதற்கே அவருக்கு அந்த வழக்கு தேவைப்பட்டது.

2025 அக்டோபரில் அதிபர் லீ ஜே மியுங் மன்னிப்புக் கேட்டார். சரி, நல்லது. அப்புறம்? தத்து நிறுவனங்களின் கோப்புகள் இப்போது அரசின் பொறுப்புக்கு மாறுகின்றன. அவற்றில் எது பொய், எது நிஜம் என்று சரிபார்த்து அந்தப் பிள்ளைகளிடம் ஒப்படைப்பது அரசின் வேலை. அது நடக்கிறதா என்று விசாரித்து இன்னொரு கட்டுரை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி, தஞ்சாவூர்