மழையில் 28 சுற்று

அன்பு மகளுக்கு,

நான் ஓட்டிய கோ-கார்ட் பந்தயத்தை எடுத்து அப்பா அனுப்பிய வீடியோவை நீ பார்த்திருப்பாய். முக்கால்வாசி நேரம் அதில் அவருடைய குடையின் விளிம்புதான் தெரிகிறது. மிச்ச நேரம் நான் வந்த திசையைப் பார்த்துக்கொண்டு நடு டிராக்கில் நிற்கிறேன். அதை மட்டும் வைத்து நீ ஒரு முடிவுக்கு வந்துவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ சிரிப்பாய், நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும்.

அன்றைக்கே எழுதியிருப்பேன். மூன்று நாளாகப் பேனா பிடிக்க முடியவில்லை. முன்கை இரண்டும் கல்லாகிக் கிடந்தன. தண்ணீர் பாட்டில் மூடியைக்கூட அப்பாதான் திறந்து கொடுத்தார்.

நடக்க முடியாத குழந்தைகளுக்குச் சக்கர நாற்காலி வாங்க நிதி திரட்டும் கோ-கார்ட் பந்தயம் அது. மூன்று மணி நேரம், 12 அணி, அணிக்கு 4 பேர், ஒரே வண்டி. ஒருவர் ஒரு தடவைக்கு 20 நிமிடத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. தெரிந்தவர்களிடம் போய், எங்கள் அணி முடிக்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் இவ்வளவு தருகிறேன் என்று முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டும். அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது. கடைசியில் வருகிற அணியின் சுற்றும் காசுதான். ஆபீசில் எல்லோரிடமும் எழுதி வாங்கியதோடு என் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்பு எங்கள் நான்காவது ஆள் மாடிப்படியில் காலைச் சுளுக்கிக்கொண்டான். "மேடம், நீங்க கார் ஓட்டுவீங்கதானே?" என்று கணக்குப் பிரிவுப் பையன் கேட்டான். ஓட்டுவேன் என்றேன். அவ்வளவுதான், பெயரைச் சேர்த்துவிட்டார்கள்.

டிராக்குக்குப் போனதும் ஒரு தாளை நீட்டினார்கள். அடிபட்டாலும் அதற்கு மேல் எது நடந்தாலும் என் சொந்தப் பொறுப்பு என்று இரண்டு பக்கம். அரை நிமிடத்தில் கையெழுத்துப் போட்டேன். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் உன் நினைவு வந்தது. கார்ட் ஓட்டிக்கொண்டிருந்த 17 வயதில் நீ இதே மாதிரி ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாய். அன்றும் மழை. பெற்றோர் கையெழுத்து இல்லாமல் வண்டியைத் தொட விடமாட்டார்கள். அதுவரை எத்தனையோ தாளில் போட்டுக் கொடுத்தவள், மழை என்றதும் முடியாது என்றுவிட்டேன். "உட்கார்ந்து பார்த்தாத்தாம்மா உனக்குத் தெரியும்" என்று ஒரே ஒரு வரி சொல்லிவிட்டு அறைக்குள் போனாய். கதவைக்கூட அறைந்து சாத்தவில்லை. அறைந்திருந்தால் நான் மறந்திருப்பேன்.

சரி, உட்கார்ந்து பார்த்துவிட்டேன்.

உட்கார்ந்ததே ஒரு கதை. என் முறை இரண்டாவது. முதலில் ஓட்டிய பையன் இறங்கிய பிறகு பார்த்தால், இருக்கையில் ஒரு குட்டிக் குளம். அந்த இருக்கை தொட்டி மாதிரி இருக்கிறதே, மழைநீர் போக வழியில்லை. எனக்கோ கால் எட்டாது என்று முதுகுக்குப் பின்னால் ஒரு நுரை மெத்தை கொடுத்தார்கள். அது அந்தத் தண்ணீரையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு, நான் சாய்ந்ததும் என் மேலேயே பிழிந்தது. பெல்ட் எங்கே என்று தேடினேன். இந்த வண்டிக்குப் பெல்ட் கிடையாது என்றான் பையன். மேலே கூரைச் சட்டம் இல்லாத வண்டி கவிழ்ந்தால் அதோடு சேர்த்துக் கட்டிப்போட்டிருப்பதுதான் ஆபத்தாம். கேட்காமலே இருந்திருக்கலாம். கூந்தல் ஒரு இழைகூட வெளியே தெரியக் கூடாது என்று டிராக்கைக் கண்காணிக்கும் மார்ஷல் அம்மா ஒருத்தி ஹெல்மெட்டுக்குள் திணித்துத் திணித்து விட்டாள். பின்னால் அச்சு திறந்தபடி சுற்றுகிறது, தொங்கும் முடியோ துணியோ அதில் சுற்றிக்கொண்டால் தப்ப முடியாது. நீ ஓட்டிய காலத்தில் ஏன் முடியை அவ்வளவு குட்டையாக வெட்டிக்கொண்டாய் என்று அன்றுதான் புரிந்தது. எவ்வளவு திட்டினேன் அதற்கு!

வண்டி என்னவோ பொம்மைதான். 200 சிசி எஞ்சின், ஆறரைக் குதிரைத்திறன்; அப்பாவின் ஸ்கூட்டருக்கு இதைவிட அதிகம். 1956இல் கலிஃபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர் புல்வெட்டும் இயந்திரத்துக்கான எஞ்சினை வைத்து முதல் கார்ட்டைச் செய்தார் என்று பிறகு படித்தேன். இன்றைக்கும் சத்தம் புல்வெட்டும் சத்தம்தான். ஆனால் தரைக்கு ஓரங்குல உயரத்தில் உட்கார்ந்துகொண்டு, முன்னால் போகிறவனின் சக்கரம் அள்ளி வீசும் தண்ணீரை முகத்தில் வாங்கும்போது, 40 கிலோமீட்டர் வேகமே விமானம் மாதிரி இருக்கிறது. போதாததற்கு என் மூச்சே ஹெல்மெட்டின் முகக் கண்ணாடியான வைசரின் உள்பக்கம் பனியாகப் படிந்தது. முதல் சுற்று முழுக்க எனக்குத் தெரிந்தது சாம்பல் நிறம் மட்டும்தான். அப்புறம் வைசரை ஒரு விரல் அளவு தூக்கி வைத்துக்கொண்டேன். உள்ளே மழை வந்தது, ஆனால் பாதை தெரிந்தது.

முதல் தடவை சுழன்றது கொண்டை ஊசி வளைவில். மழையில் கார் ஓட்டும்போது என்ன செய்வேனோ அதையே செய்தேன்: மெதுவாகப் போய், வளைவுக்குள் நுழைந்து, பயம் வந்ததும் பிரேக். இந்த வண்டியில் பிரேக் பின் சக்கரத்துக்கு மட்டும்தான் என்று காலையிலேயே சொல்லியிருந்தார்கள்; கேட்டுத் தலையாட்டியிருந்தேன். பின் சக்கரங்கள் இறுகியதும் வண்டியின் வால் எனக்கு முன்னால் போய்விட்டது. நான் வந்த வழியைப் பார்த்து நிற்கிறேன், எதிரே மூன்று ஹெல்மெட் என்னை நோக்கி வருகின்றன. மார்ஷல் மஞ்சள் கொடியை ஆட்டினார், எல்லோரும் விலகிப் போனார்கள். எஞ்சின் அணையவே இல்லை, புர்ரென்று எனக்காகக் காத்திருந்தது. இரண்டாவது தடவை இன்னும் மெதுவாகப் போனேன். அப்போதும் சுழன்றேன். மூன்றாவதைத்தான் அப்பா படம் பிடித்தார். ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒரு சுற்றுக்கான காசு கூடுதலாகத் தருவதாக அவர் எழுதிக் கொடுத்திருந்தார், தெரியுமா? மூன்றாவது தடவை கைதட்டியது அவர்தான் என்று நினைக்கிறேன்.

உனக்கு நான் வாழ்நாள் முழுக்கச் சொன்ன ஒரே அறிவுரை "மெதுவாப் போ". அன்று நான் மெதுவாகத்தான் போனேன்.

என் முறை முடிந்த கொஞ்ச நேரத்தில் மின்னல் வெட்டியது. சிவப்புக் கொடி காட்டிக் கால் மணி நேரம் எல்லா வண்டியையும் நிறுத்திவிட்டார்கள். கொட்டகையில் ஒரு மெக்கானிக் பையன் உட்கார்ந்திருந்தான். ஏன் இந்த வண்டி திருப்பினாலும் நேராகப் போகிறது என்று அவனிடம் கேட்டேன். உனக்கு இதெல்லாம் பாலபாடம், தெரியும். ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று உனக்குத் தெரிய வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

காரில் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பு இருப்பதால் வளைவில் உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்றும். கார்ட்டில் அது இல்லை. பின் சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் இறுக்கியவை, ஒன்றாகத்தான் சுற்றும். அப்படியானால் எப்படித்தான் திரும்புகிறது? ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது முன் சக்கரத்தின் சாய்வு வண்டியின் இரும்புச் சட்டத்தையே முறுக்கி, உள்பக்கப் பின் சக்கரத்தைத் தரையிலிருந்து லேசாகத் தூக்கிவிடுகிறது. ஒரு கணம் மூன்று சக்கரத்தில் நின்று திரும்புகிறது. காய்ந்த தரையில் டயரின் பிடிப்பு அந்தத் தூக்கலுக்கு உதவும். ஈரத்தில் பிடிப்பு இல்லை, சக்கரம் எழும்புவதில்லை, பின் சக்கரம் இரண்டும் சேர்ந்து வண்டியை நேராகத் தள்ளிக்கொண்டே போகும். அதனால் மழையில் ஸ்டியரிங்கைக் காய்ந்த நாளைவிடச் சட்டென்றும் அதிகமாகவும் ஒடிக்க வேண்டும், உடம்பை வளைவின் வெளிப்பக்கம் சாய்த்து உள்சக்கரத்தின் பாரத்தைக் குறைக்க வேண்டும் என்றான். பிரேக்கை நேர்ப்பாதையிலேயே பிடித்து முடித்துவிட வேண்டும். கை முரட்டுத்தனமாக, கால் மட்டும் பூனை மாதிரி. இத்தனை நாள் நான் நினைத்திருந்ததற்கு நேர் எதிர்.

"எல்லோரும் போற வழியில போகாதீங்க" என்றும் சொன்னான். வெயில் நாளில் எல்லோரும் ஓட்டி ஓட்டி டயர் ரப்பர் படிந்த பாதைதான் வேகமான பாதை. அதே ரப்பரின் மேல் தண்ணீர் விழுந்தால் அதுதான் வழுக்குப்பாறை. அகலமாக, யாரும் போகாத வெளி ஓரத்தில் போனால் சொரசொரப்பான தார் அப்படியே இருக்கும். மழைக்கென்று வரி வெட்டிய டயர் பெரிய பந்தயக்காரர்களுக்கு. எங்களுக்கு எப்போதும் போல் மொழுமொழு ஸ்லிக் டயர்தான், அதற்கு இந்தத் தார் ஒன்றுதான் துணை.

அவன் பேசும்போது உன் அறைச் சுவரில் இருந்த ஃபார்முலா 1 பந்தய வீரர் அயர்டன் சென்னாவின் படம் கண்ணுக்குள் வந்தது. சிறுவனாக இருந்தபோது மழையில் ஒரு கார்ட் பந்தயத்தில் மோசமாகத் தோற்று, அதற்கப்புறம் மழை பெய்தபோதெல்லாம் வண்டியை எடுத்துக்கொண்டு பழகப் போனவர் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாய். 1993இல் இங்கிலாந்தின் டானிங்டன் டிராக்கில், மழையில், ஐந்தாவது இடத்துக்குப் போனவர், முதல் சுற்று முடிவதற்குள் நான்கு பேரைத் தாண்டி முன்னால் வந்த கதையையும். நீ விவரிக்க விவரிக்க நான் ம், ம் என்பேன். காதில் வாங்கியதே இல்லை. இப்போது அந்தச் சுற்றைத் தேடிப் பிடித்துப் பார்த்தேன். மூன்று தடவை பார்த்தேன். மற்றவர்கள் போகாத இடத்தில் அந்த மனிதர் போவது இந்தத் தடவை எனக்கே தெரிந்தது.

என் இரண்டாவது முறை வந்தபோது மழை தூறலாகியிருந்தது, டிராக் மட்டும் பளபளவென்று நனைந்து கிடந்தது. எனக்கு நீலக் கொடியோடு நல்ல பழக்கம் ஏற்பட்டிருந்தது; வேகமாக வருகிறவனுக்கு வழி விடு என்று அர்த்தம். அப்படி வழி விட்ட ஒருவனின் பின்னாலேயே ஒரு சுற்று ஒட்டிக்கொண்டேன். கொண்டை ஊசியில் அவன் உள்ளே திரும்பாமல் வெளி ஓரத்துக்குப் போய்க்கொண்டே இருந்தான். வழி தவறிவிட்டானோ என்று நினைத்தேன். கடைசி நொடியில் வண்டியை ஒரு ஒடி ஒடித்துக் குறுக்கே வெட்டிக்கொண்டு போய்விட்டான். அடுத்த சுற்றில் நானும் அங்கே போனேன். பயத்தில் கத்தினேன், ஹெல்மெட்டுக்குள் யாருக்குக் கேட்கப் போகிறது? ஸ்டியரிங்கை ஒடித்தேன், வெளியே சாய்ந்தேன். முதுகுக்குப் பின்னால் ஒரு பக்கம் லேசாக எழும்பியதை உணர்ந்தேன், கண்ணு. ஒரு கணம்தான். வண்டி திரும்பிவிட்டது.

முதலில் சுற்றுக்கு ஒரு நிமிடம் 38 விநாடி எடுத்தவள், கடைசியில் ஒரு நிமிடம் 17க்கு வந்தேன். உடனே தலைக்கனம் ஏறி, வளைவு ஓரத்துச் சிவப்பு வெள்ளைப் பட்டையில் சக்கரத்தை ஏற்றி நான்காவது தடவையும் சுழன்றேன். ஈரத்தில் அந்தப் பெயின்ட் சோப்பு. அப்பாவுக்கு இன்னும் ஒரு சுற்றுக் காசு.

மொத்தம் 121 சுற்று, அதில் என்னுடையது 28. ஒன்பதாவது இடம். மழையால் சுற்று குறைந்ததால் பணமும் குறைந்தது, அதில் எல்லோருக்கும் வருத்தம்தான். எங்கள் ஆபீசில் ஒருவர் மட்டும், காய்ந்த நாளாக இருந்திருந்தால் எவ்வளவு ஓட்டியிருப்பீர்களோ அந்தக் கணக்கில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று கொடுத்தார். மேடம் எங்கே ஓட்டப் போகிறார் என்ற தைரியத்தில் பெரிய தொகை எழுதிய இன்னொருவரை அதற்கப்புறம் லிஃப்ட் பக்கம் காணவில்லை.

வலது விலாவில் உள்ளங்கை அளவு நீலம். இருக்கையின் விளிம்பு இடித்தது. நீயும் அப்போது விலாவைப் பிடித்துக்கொண்டு வருவாய், கேட்டால் ஒன்றுமில்லை என்பாய். நான் உன்னை ஓட்ட வேண்டாம் என்று நிறுத்திவிடுவேன் என்று பயந்தாயா? நிறுத்தியிருப்பேன், அது உண்மை. அன்றைக்குத் தாளில் கையெழுத்துப் போடாததும் தப்பு என்று இப்போதும் என்னால் முழுசாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் எதைத் தர மறுக்கிறேன் என்று தெரியாமலே மறுத்தேன். உட்கார்ந்து பார்த்திருந்தால் கொஞ்சமாவது உன்னோடு பேசியிருப்பேன், வைசரைப் பற்றியாவது கேட்டிருப்பேன்.

அப்புறம் ஒரு விஷயம். உன் பழைய கையுறையைத்தான் பரணிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு போனேன். கேட்காமல் எடுத்ததற்குக் கோபிக்காதே. எனக்குச் சரியாக இருந்தது, கட்டைவிரலில் மட்டும் கொஞ்சம் நீளம். கொடியில் போட்டு மூன்று நாளாகியும் காயவில்லை.

ஒன்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை. வண்டி திரும்ப ஆரம்பித்ததும் ஸ்டியரிங்கை உடனே நேராக்க வேண்டுமா, பின் சக்கரம் தரையைத் தொடும் வரை பிடித்துக்கொள்ள வேண்டுமா? மெக்கானிக் பையனிடம் கேட்க விட்டுப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது முதலில் என்னிடம் கொடுக்கச் சொல், அப்பாவோடு அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அம்மா