முகிலன் சொன்ன ஒரு சொல்

அன்புள்ள முருகேசனுக்கு,

நலம், நலமறிய ஆவல். அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததென்று தங்கை சொன்னாள், நிம்மதி. ஆறு மாதமாக ஒரு வரிகூட எழுதாதவன் இன்று எழுதக் காரணம் உண்டு. இதை நீ வேறு யாரிடமிருந்தும் கேட்டுவிடக் கூடாது.

சென்ற சனிக்கிழமை இரவு உன் கதிர் அழுதிருப்பான். அழவைத்தவன் என் முகிலன்.

பொங்கலுக்கு வந்திருந்தபோது இருவரும் சேர்ந்து பிஜிஎம்ஐ என்ற கைபேசித் துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தை ஆடத் தொடங்கினார்களே, அதுமுதல் வாரக் கடைசிகளில் நால்வர் அணியாக ஆடிவருகிறார்கள். அன்று தண்ணீர் குடிக்க எழுந்த நான் முகிலனின் அறை வாசலில் நின்றுவிட்டேன். திரையில் கதிர் சுடப்பட்டு விழுந்து, தவழ்ந்துகொண்டிருந்தான். அணித் தோழன் ஒருவன் பக்கத்தில் போய்ச் சில நொடிகள் இருந்தால் அவனை எழுப்பிவிடலாம். "முகில் அண்ணா, இந்த ஒரு தடவை" என்று கதிரின் குரல் கைபேசியில் கெஞ்சியது. "அது 'பாட்'டுடா, அத எதுக்கு எழுப்பிக்கிட்டு" என்றான் என் மகன். மற்ற இருவரும் சிரித்தார்கள்.

'அவன்' என்றுகூடச் சொல்லவில்லை முருகேசா, 'அது' என்றான்.

மறுநாள் அவனை உட்காரவைத்து, ஆட்டத்தில் ஒருவரையொருவர் மட்டம் தட்டும் சொற்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். 'நூப்' என்பது புதியவனைக் குறிக்கும் 'நியூபி'யிலிருந்து வந்தது; ஆடத் தெரியாதவன் என்று பொருள். எதிரியிடம் மீண்டும் மீண்டும் செத்து அவனை வளர்த்துவிடுபவன் 'ஃபீடர்'. டோட்டா போன்ற ஆட்டங்களில் ஒருவனைக் கொன்றால் எதிரிக்குப் பொன்னும் அனுபவப் புள்ளியும் சேர்வதால் வந்த பெயர். தோற்றவன் காரணம் சொன்னால் 'ஸ்கில் இஷ்யூ', அதாவது குறை உன் திறமையில்தான், என்று வாயை அடைப்பார்களாம். முதல் பந்திலேயே ஸ்டம்ப் பறந்த பிறகும் பந்து ஈரமாக இருந்தது என்று அரைமணி நேரம் வாதாடிய உன்னை இவர்கள் இரண்டே சொற்களில் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

இவற்றையெல்லாம் நான் பொறுத்துக்கொள்வேன். நூப் என்றால் இன்னும் கற்கவில்லை என்றாவது பொருள். 'பாட்' அப்படியன்று. நூறு பேர் இறங்கும் களத்தில், தொடக்க நிலை ஆட்டங்களில், ஆள் குறையும் இடங்களைக் கணினியே இயக்கும் பொம்மைகளால் நிரப்புகிறார்கள். அவை வெட்டவெளியில் நின்று குறி தவறிச் சுடும். அவற்றைச் சுட்டு வீழ்த்திப் புதியவர்கள் கை பழகுகிறார்கள். ஒரு சிறுவனைப் பாட் என்பது, நீ மோசமாக ஆடுகிறாய் என்பதன்று. அந்தப் பக்கம் ஆளே இல்லை என்பது. ஆள் இல்லாத இடத்தில் இரக்கத்துக்கு என்ன வேலை? அதனால்தான் முகிலனுக்குக் கதிரின் குரல் காதிலேயே விழவில்லை. எனக்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

உன் தம்பியை நாம் ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொண்டது நினைவிருக்கிறதா? அதுவும் ஊனத்தைக் கேலி செய்யும் சொல்தான். இன்று என் வீட்டில் யாரையும் அப்படிச் சொல்ல விடமாட்டேன். ஆனாலும் அவனுக்குக் கடைசியில் இரண்டு பந்தாவது போட்டோம், போல்டானாலும் அவுட் கொடுக்கவில்லை, அவன் அடித்து ஓடியபோது எதிரணியும் கைதட்டியது. கணக்கில் இல்லாதவன், ஆனால் ஆட்டத்தில் இருந்தான்.

முகிலனின் கைபேசியை நான் பிடுங்கவில்லை. பிடுங்கினால் கதிரால்தான் போயிற்று என்று நினைப்பான். நான் கேட்டவற்றை அப்படியே அவனிடம் திருப்பிச் சொன்னேன். நெடுநேரம் தலை நிமிரவில்லை. பிறகு, கதிர் அன்று தன்னிடமிருந்த கடைசி மருந்துப் பெட்டியை முகிலனுக்காகப் போட்டுவிட்டுப் போயிருந்தான் என்று தானாகவே சொன்னான்.

ஞாயிறு காலை அவன் கதிரை அழைப்பான். பேசப் பிடிக்கவில்லை என்றால் கதிரை வற்புறுத்தாதே. முகிலன் அடுத்த வாரமும் அழைக்கட்டும்.

அன்புடன்,
சேகர்