கொழும்பு ஜிம் உரிமையாளர்களுக்கு: பளுதூக்கலுக்கு ஒரு மூலையை ஒதுக்கித் தாருங்கள்

அன்புள்ள ஜிம் உரிமையாளர்களுக்கும் பயிற்றுநர்களுக்கும்,

வணக்கம். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை எங்கள் பிள்ளைகள் மாதக் கட்டணம் கட்டி வந்துபோகும் ஜிம்களை நடத்துகிற உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். பாடசாலைப் பிள்ளைகளுக்கு மெய்வல்லுநர் பயிற்சி கொடுப்பவன் நான். நீளம் பாய்கிறவனுக்கும் வலைப்பந்து ஆடுகிறவளுக்கும் காலில் பலம் இருந்தால் மட்டும் போதாது. அது கண்ணிமைக்கும் நேரத்தில் வெளியே வரவேண்டும். பளுதூக்கலின் ஸ்நாட்ச், கிளீன் அண்ட் ஜேர்க் இரண்டும் அதற்கு அருமையான பயிற்சிகள். தட்டு மாட்டிய பாரைத் தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது ஸ்நாட்ச்; முதலில் தோளுக்குக் கொண்டுவருவது கிளீன், அங்கிருந்து தலைக்கு மேல் தள்ளுவது ஜேர்க். அதனால்தான் பிள்ளைகளை உங்களிடம் அனுப்புகிறேன்.

சில இடங்களில் அவற்றைத் தொடவே விடுவதில்லை. வேறு சில இடங்களில், களைத்துப்போன பிள்ளையிடம் வகுப்பு முடியும் நேரத்தில் கிளீனை இருபது தடவை மூச்சுவிடாமல் செய்யச் சொல்கிறார்கள். எனக்கு அதிகம் கோபம் வருவது இந்த இரண்டாவதில்தான். இது வேகத்துக்கான பயிற்சி. ஒரு செட்டுக்கு இரண்டு மூன்று தடவை, பிறகு இரண்டு மூன்று நிமிட ஓய்வு. வேகம் குறைந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்த வேண்டும்.

அண்மையில் ஓர் இடத்தில் ஒரு பையனைப் பார்த்தேன். பாரில் சின்ன இரும்புத் தட்டுகள். அதனால் பார் கணுக்காலுக்குச் சற்று மேலே கிடந்தது. முதுகை வளைத்துத்தான் அவனால் அதைப் பிடிக்க முடிந்தது. கால் நிமிர முன்பே முழங்கையை மடக்கிக் கையால் இழுத்தான். பார் காறையெலும்பில் மோதியது. "கீழே போடாதீர்கள்" என்று சுவரில் எழுதியிருந்ததால், இடுப்பைப் பின்னால் சாய்த்து மெல்ல மெல்ல இறக்கினான். அவனில் ஒரு பிழையும் இல்லை. யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

போட்டித் தட்டின் விட்டம் 45 சென்ரிமீற்றர். அந்த அளவில் பார் தரையிலிருந்து 22.5 சென்ரிமீற்றர் உயரத்தில் நிற்கும். சின்னத் தட்டுதான் இருக்கிறதென்றால் தரையிலிருந்து தொடங்க விடாதீர்கள்; முழங்காலுக்கு மேலிருந்து தொடங்கட்டும். அப்புறம் அந்த அறிவிப்பு. தூக்க முடியாமல் போகும்போது பாரை விட்டுவிட்டு விலகத் தெரிவதும் இந்தப் பயிற்சியில் ஒரு பாடம். அதற்கு ரப்பர் தட்டும், பலகையும் ரப்பர் விரிப்பும் போட்ட ஒரு மூலையும் வேண்டும். காலி றோட்டில் பல ஜிம்கள் மேல்மாடியில் இருக்கின்றன, கீழே கடை, பக்கத்தில் தொடர்மாடி வீடுகள். உங்கள் சங்கடம் விளங்குகிறது. அப்படியானால் குறைந்த எடையோடு நுட்பத்தை மட்டும் பழக்குங்கள். அதுவே தொடக்கத்துக்குத் தாராளம்.

தொடக்கம் எப்போதும் தும்புத்தடிக் கம்புதான். பெருவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கிப் பிடிப்பது முதல் சில நாள் வலிக்கும், பழகிவிடும். கை வெறும் கயிறு, தூக்குவது கால். பார் முழங்காலைத் தாண்டும்வரை அவசரம் கூடாது, தொடையை உரசும்போதுதான் முழு வேகமும். உடனே அதன் கீழே புகுந்து உட்கார வேண்டும். கம்போடு இது ஒழுங்காக வந்தபிறகு வெறும் பார். பெண்களுக்கான பார் 15 கிலோ, ஆண்களுக்கானது 20 கிலோ. இரண்டும் உங்களிடம் இருக்கட்டும்.

பெண் பிள்ளைகளை ட்ரெட்மில் பக்கம் திருப்பி விடாதீர்கள். 2000ஆம் ஆண்டு சிட்னியிலிருந்தே ஒலிம்பிக்கில் பெண்கள் பளு தூக்குகிறார்கள். "வளர்த்தி நின்றுவிடும்" என்று பயப்படுகிற பெற்றோருக்கு நீங்களே சொல்லுங்கள்: சரியான மேற்பார்வையில் செய்யும் பளுப் பயிற்சி வளர்த்தியைத் தடுப்பதற்கு ஆதாரம் இல்லை.

இந்த விளையாட்டு இலங்கைக்குப் புதிதுமல்ல. 2006இல் மெல்பேர்ண் பொதுநலவாய விளையாட்டு விழாவில் சிந்தன விதானகே 62 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். 2022இல் பேர்மிங்ஹாமில் திலங்க இசுரு குமார 55 கிலோ பிரிவில் மொத்தம் 225 கிலோ தூக்கி வெண்கலம் பெற்றார். அந்த வரிசையில் எங்கள் பிள்ளைகளும் வரட்டுமே.

நான் கேட்பது பெரிதில்லை. ஒரு பலகை மூலை, ஒரு சோடி ரப்பர் தட்டு, கிழமைக்கு ஒரு மணித்தியாலம். சொல்லிக் கொடுக்க ஆளில்லையென்றால் பளுதூக்கும் வீரர்களைப் பழக்கியவர் ஒருவரைக் கூப்பிடுங்கள். அதுவரை சனிக்கிழமைகளில் நானே வருகிறேன். கட்டணம் வேண்டாம்.

அன்புடன்,
ஒரு விளையாட்டுப் பயிற்றுநர், கொழும்பு