அந்தச் சீட்டில் முழுப் பெயரையும் எழுதுங்கள்

வீட்டுக் கணினி அசெம்பிள் செய்து தரும் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சென்னை ரிச்சி தெருவில் கடை வைத்திருப்பவர்களுக்கும், மற்ற ஊர்களில் மாடிப்படி ஏறிப் போகும் சின்ன அறைகளில் உட்கார்ந்து கணினி பொருத்தித் தருபவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். பல வருடங்களாக உங்களிடம்தான் வாங்குகிறேன். எங்கள் சொந்தத்தில் யாருக்குக் கணினி வேண்டுமென்றாலும் என்னைக் கூட்டிக்கொண்டுதான் கடைக்குப் போவார்கள். பெரிய நிறுவனம் மூடி அனுப்பும் பெட்டியை விட்டுவிட்டு உங்களிடம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் பொருத்தித் தருவதில் ரேம் போனால் ரேமை மட்டும் மாற்றலாம். நான்கு வருடம் கழித்துக் கையில் கொஞ்சம் காசு வந்தால் பிராசசரை மட்டும் ஏற்றலாம். அந்த வசதி எங்களைப் போன்ற வீடுகளுக்குப் பெரிய விஷயம். உங்கள் தொழில் நன்றாக நடக்க வேண்டும் என்று நினைக்கிற ஆள் நான். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

என் அக்கா மகள் கட்டடக்கலை படிக்கிறாள். அவள் கல்லூரியில் சேர்ந்தபோது நான் ஊரில் இல்லை. அக்காவும் மாமாவும் போய் ஒரு கடையில் கணினி வாங்கி வந்தார்கள். கடையில் கொடுத்த சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன். ஐ5 பிராசசர், மதர்போர்டு, 16 ஜிபி ரேம், 512 எஸ்.எஸ்.டி., 4 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, கேமிங் கேபினட் வித் எஸ்.எம்.பி.எஸ்., 22 இன்ச் மானிட்டர், கீபோர்டு, மவுஸ். கீழே மொத்தத் தொகை. அவ்வளவுதான். ஒரு பொருளுக்கும் கம்பெனிப் பெயர் இல்லை, மாடல் எண் இல்லை.

நான்காவது மாதத்தில் தொந்தரவு ஆரம்பித்தது. வரைவதெல்லாம் சரியாகப் போகும். வரைந்ததை முப்பரிமாணப் படமாக மாற்றும்போது கணினி படக்கென்று அணைந்துவிடும். கடையில் விண்டோஸை மாற்றிப் போட்டுக் கொடுத்தார்கள். மறுபடியும் அணைந்தது. தூசி என்றார்கள், துடைத்துக் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் மாமா அந்தப் பெட்டியை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போய் வந்தார். வேலையைக் கல்லூரியில் கொடுக்க வேண்டியதற்கு முந்தின ராத்திரி மூன்று தடவை அணைந்து, அவள் அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்க் கேபினட்டைத் திறந்தேன். முன்பக்கம் கண்ணாடி, வண்ண விளக்கோடு நான்கு ஃபேன். கணினிக்குள் இருக்கும் எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துத் தரும் பெட்டிதான் எஸ்.எம்.பி.எஸ். அதைக் கழற்றிக் கையில் எடுத்தால் தேங்காய் மூடி அளவுக்குக்கூடக் கனம் இல்லை. பக்கவாட்டில் பெரிய எழுத்தில் 450 வாட் என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே இருந்த கட்டத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் படிக்க முடிந்தது: 12 வோல்ட் வரிசையில் 14 ஆம்பியர். இன்றைய கணினியில் பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் குடிப்பது பெரும்பாலும் அந்த 12 வோல்ட் கரண்டைத்தான். 12ஐ 14ஆல் பெருக்கினால் 168 வாட். உள்ளே இருந்த ஐ5-12400எஃப் முழு வேகத்தில் ஓடினால் 117 வாட் வரை இழுக்கும் என்று இன்டெல் கம்பெனியே சொல்கிறது. ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டு 75 வாட். இரண்டையும் கூட்டினால் 192. ஃபேன், டிஸ்க் எல்லாம் இன்னும் கணக்கில் வரவே இல்லை. அவள் படம் வரைந்தபோது பிராசசர் மட்டும் கொஞ்சம் உழைத்தது, தாங்கியது. பிராசசரும் கார்டும் சேர்ந்து உழைத்தபோது எஸ்.எம்.பி.எஸ். கை விட்டுவிட்டது.

கரண்டை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் முத்திரை உள்ள, நல்ல கம்பெனியின் எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை வாங்கிப் போட்டேன். அதன் பிறகு ஒரு நாளும் அணையவில்லை.

அந்தக் கடைக்காரர் மீது எனக்குக் கோபம் இருந்தது. யோசித்துப் பார்த்தால், கேட்டு வாங்குவதில் எங்கள் பக்கமும் குறை உண்டு. ஐ5ஆ, எத்தனை ஜிபி, லைட் எரியுமா என்று கேட்கிறோம். எஸ்.எம்.பி.எஸ். என்ன என்று யாரும் கேட்பதில்லை. பக்கத்துக் கடைக்காரர் ஆயிரம் ரூபாய் குறைத்துச் சொன்னால், யாரும் கேட்காத இடத்தில் நீங்களும் அந்த ஆயிரத்தைக் குறைக்கத்தான் பார்ப்பீர்கள். ஆனால் கேட்கத் தெரியாமல் வருபவருக்குச் சொல்லித் தரக்கூடிய ஒரே ஆள் அந்த இடத்தில் நீங்கள்தான். பெட்டியை மூடிவிட்டால் உள்ளே இருப்பது என்ன என்று எங்கள் மாமா மாதிரி ஆட்களுக்கு எப்படித் தெரியும்?

பிராசசர் பெயரில் கடைசியில் வரும் அந்த ‘எஃப்’ எழுத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். எஃப் என்றால் பிராசசருக்குள் கிராஃபிக்ஸ் கிடையாது. தனியாகக் கார்டு போடுகிறவர்களுக்கு அது லாபம், தப்பே இல்லை. ஆனால் என்றைக்காவது கார்டு பழுதாகி சர்வீசுக்குப் போனால், அது திரும்பி வரும்வரை மானிட்டரில் ஒன்றும் தெரியாது. படிக்கிற பிள்ளைக்கு அது எத்தனை நாள் நஷ்டம்! எஃப் இல்லாததற்கும் இதற்கும் விலை வித்தியாசம் இவ்வளவு என்று சொல்லுங்கள். எது வேண்டும் என்று அவர்களே யோசித்துக்கொள்வார்கள்.

வெறும் ‘ஐ5’ என்று எழுதுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். அந்தப் பெயர் 2009இலிருந்து இருக்கிறது. 2011இல் வந்த ஐ5-2400இலும் அதே பெயர்தான், 2022இல் வந்த ஐ5-12400இலும் அதே பெயர்தான். கணக்குப் போடும் கோர் முன்னதில் நான்கு, பின்னதில் ஆறு. அந்தப் பழைய பிராசசர்களுக்காக எச்61 சிப்செட்டில் இன்றும் புது போர்டுகள் வருகின்றன. புது போர்டு, புது கேபினட், உள்ளே ஏதோ ஓர் அலுவலகக் கணினியிலிருந்து கழற்றிய பத்து வருடத்துக்கு முந்தைய பிராசசர். பழையதை விற்பது குற்றம் என்று நான் சொல்லவே இல்லை. கணக்கு எழுதவும் பாட்டுக் கேட்கவும் அது போதும். ஆனால் விண்டோஸ் 11 எந்தெந்தப் பிராசசரில் ஓடும் என்று மைக்ரோசாஃப்ட் கொடுத்திருக்கும் பட்டியல், இன்டெலைப் பொறுத்தவரை ஏறத்தாழ எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஆரம்பிக்கிறது; அந்தப் பழையவை அதில் இல்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு ஒருவர் பழையதை வாங்கினால் சரி. தெரியாமல் வாங்கினால், அவர் சேர்த்துவைத்த பணம் அது.

ரேம் விஷயமும் அப்படித்தான். ஒரே 16 ஜிபி போடுவதும் இரண்டு 8 ஜிபி போடுவதும் சீட்டில் ஒன்றாகத்தான் தெரியும். ரைசன் 5600ஜி மாதிரி, கிராஃபிக்ஸை உள்ளேயே வைத்திருக்கும் பிராசசருக்கு இரண்டாகப் போட்டால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அதற்கென்று தனி நினைவகம் கிடையாது, ரேமைத்தான் அது எடுத்துக்கொள்கிறது. இரண்டு பாதையில் வந்தால் வேகமாக வரும்.

வெளியே வைக்கும் பொருள்களில் நான் கெஞ்சிக் கேட்பது யூ.பி.எஸ். பற்றித்தான். 600 விஏ என்று எழுதியிருப்பதை 600 வாட் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது 360 வாட் அளவுதான். சில நல்ல எஸ்.எம்.பி.எஸ்கள், விலை குறைந்த யூ.பி.எஸ். தரும் அலையோடு ஒத்துப்போகாமல் கரண்ட் போன நொடியே அணைந்துவிடும். கடையில் ஒரு தடவை கணினியை ஓடவிட்டு, யூ.பி.எஸ். பிளக்கைப் பிடுங்கிக் காட்டிவிட்டால் போதும், இரண்டு நிமிட வேலை.

எர்த்தையும் கொஞ்சம் சொல்லி அனுப்புங்கள். எத்தனையோ வீடுகளில் கேபினட்டைத் தொட்டால் விரலில் சுர்ரென்று ஏறும். அக்கா வீட்டிலும் ஏறியது. எஸ்.எம்.பி.எஸ்ஸின் வாயிலில் இரைச்சலை வடிகட்டும் சின்னக் கெபாசிட்டர்கள் உண்டு, அவை வழியாகக் கொஞ்சம் கரண்ட் உலோகப் பெட்டிக்குக் கசியும். எர்த் ஒயர் இருந்தால் அது தரைக்குப் போய்விடும். இல்லாவிட்டால், தொடுகிறவர் உடம்பு வழியாகப் போகும். மூன்று முள் பிளக்கை இரண்டு முள் இணைப்பில் செருகாதீர்கள், எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். வீட்டில் பையன்கள் கணினி முன்னால் வெறுங்காலோடு உட்கார்ந்து விளையாடுவார்கள்.

அப்புறம், கீபோர்டு. தமிழ்99 விசைப்பலகையை அரசு ஏற்று இத்தனை வருடம் ஆகிறது, தமிழ் எழுத்து அச்சடித்த கீபோர்டை உங்கள் அலமாரியில் நான் பார்த்ததே இல்லை. கேட்பவர்கள் குறைவு என்பது தெரியும். ஸ்டிக்கராவது வாங்கி வையுங்கள், நான் முதலில் வாங்குகிறேன்.

பில் பற்றிச் சொல்வது உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். ‘பில் இல்லாமல் என்றால் இந்த விலை’ என்று சொல்வதை நானும் கேட்டிருக்கிறேன், ஒரு தடவை ஒத்துக்கொண்டும் இருக்கிறேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விற்ற பொருளுக்கு பில் தராததை நேர்மையற்ற வணிக நடைமுறை என்றே சொல்கிறது. சட்டத்தை விடுங்கள். மூன்று வருட வாரண்டி உள்ள பிராசசர் இரண்டாவது வருடத்தில் போனால், சீரியல் எண் எழுதிய பில் இல்லாமல் நாங்கள் எங்கே போய் நிற்போம்?

நான் கேட்பது ஒரு பத்து நிமிட வேலை. கொட்டேஷன் சீட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் கம்பெனி, மாடல், வாரண்டி எழுதுங்கள். எஸ்.எம்.பி.எஸ்ஸைக் கேபினட்டோடு சேர்க்காமல் தனி வரியாக, தனி விலையோடு போடுங்கள். விலை ஏறத்தான் செய்யும். ஏன் ஏறுகிறது என்று அந்த 12 வோல்ட் கட்டத்தைக் காட்டிச் சொல்லுங்கள், பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

பொங்கல் முடிந்ததும் என் தம்பி மகனுக்கு ஒரு கணினி வாங்க வேண்டும். உங்கள் கடைகளுக்குத்தான் வருவேன். எஸ்.எம்.பி.எஸ். என்ற வரிக்குப் பக்கத்தில் எந்தக் கடையில் மாடல் எண் எழுதித் தருகிறார்களோ, அந்தக் கடையில் வாங்குகிறேன். ஐந்நூறோ ஆயிரமோ கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
உங்கள் பழைய வாடிக்கையாளர்