வெட்டிய கறிவேப்பிலையைக் குப்பையில் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சமூகத் தோட்டங்களில் மரத்தைக் கழித்துவிடும் நாளில் கறிவேப்பிலைக் கிளைகளை அப்படியே குப்பைப் பையில் கட்டி வீசுகிறார்கள். சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழேயும் இதுதான் நடக்கிறது. எடுத்துப் போகச் சொன்னால், "காய வைத்தோம் அக்கா, பூசணம் பிடித்துவிட்டது" என்கிறார்கள்.

ஊரில் மொட்டை மாடியில் போட்டால் மாலைக்குள் சருகாகிவிடும். இங்கே மழையில்லாத நாளில்கூட மதியம் ஈரப்பதம் 60 விழுக்காடு அளவில் இருக்கிறது, விடியற்காலையில் 90ஐத் தாண்டுகிறது. பகலில் காய்ந்ததை இரவு மறுபடி நனைத்துவிடும். அதோடு நேர் வெயில் நிறத்தையும் மணத்தையும் எடுத்துவிடும். தாழ்வாரத்தில் முறம் வைப்பதை விட்டுவிடுங்கள்.

கழுவிய இலையைப் பருத்தித் துணியில் பரப்பி, சொட்டு நீர் இல்லாதபடி மின்விசிறியின் கீழ் வையுங்கள். அப்புறம் உருவி, தட்டில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, இரவில் ஏர்கான் ஓடும் அறையில் வையுங்கள். ஏர்கான் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துவிடும். கசக்கினால் சரசரவென்று நொறுங்க வேண்டும்; வளைந்தால் இன்னும் ஓர் இரவு. நொறுங்கியதும் உடனே கண்ணாடிப் போத்தலில் போட்டு மூடிவிட வேண்டும், வெளியே விட்டால் தளர்ந்துபோகும். முதல் வாரம் தினமும் பாருங்கள். உள்ளே ஆவி படிந்திருந்தால் மறுபடி எடுத்துப் பரப்புங்கள். அடுப்புப் பக்கம் வைக்க வேண்டாம்.

முருங்கைக் கீரைக்கும் இதே முறைதான், இன்னும் சீக்கிரம் காயும். புதினா நீர்ச்சத்துள்ள இலை, மெதுவாகக் காய்ந்தால் கறுத்துவிடும். இரண்டு டிஷ்யூத் தாளுக்கு நடுவே மைக்ரோவேவில் அரை நிமிடம் அரை நிமிடமாக வைத்துப் பார்த்து எடுக்கலாம். கொத்தமல்லித் தழையைக் காய வைப்பது வீண், வாசமே மிஞ்சாது. அரைத்து உறைய வைத்துவிடுங்கள்.

காய்ந்த கறிவேப்பிலையைத் தாளிப்பில் கடைசியாகப் போடுங்கள், சட்டென்று கருகும். பருப்புப் பொடிக்கு இதைவிட நல்லது இல்லை. தேக்கா சந்தையில் ஒரு கட்டு வாங்கிப் பாதியைக் குளிர்பதனப் பெட்டியில் கறுக்கவிடும் தனியாக வாழும் முதியவர்களுக்கு இந்தப் போத்தல் எவ்வளவு உதவும்!

தோட்டக் குழுவினரிடம் ஒரே வேண்டுகோள்: கிளை வெட்டும் நாளை முன்கூட்டியே குடியிருப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் சொல்லுங்கள். சமூக மன்றத்தில் இடம் கொடுத்தால் நானே வந்து செய்து காட்டத் தயார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஈசூன்