அம்மாவுக்கு எடுக்க வேண்டிய வண்டி

பாளையங்கோட்டை

அன்பு மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல். ஆர்லாண்டோவில் உள்ள டிஸ்னி வேர்ல்டுக்குப் பேரப்பிள்ளைகளோடு எங்களையும் ஐந்து நாள் அழைத்துச் செல்ல நீ ஏற்பாடு செய்திருப்பது பெரிய மகிழ்ச்சி. அம்மா பக்கத்தில் இருக்கும்போது தொலைபேசியில் பேச முடியாத ஒன்றை எழுதுகிறேன். அவளுடைய முழங்கால் இப்போது அரை மணி நேர நடையைக்கூடத் தாங்குவதில்லை. குறுக்குத்துறை ஆற்றுப் படிகளில் இறங்குவதையும் விட்டுவிட்டாள். அங்கே எப்காட் என்ற பூங்காவில் ஏரியைச் சுற்றிவரும் பாதை மட்டுமே ஏறக்குறைய 2 கிலோமீட்டர் என்பதால், நடக்க முடியாதவர்கள் உட்கார்ந்து ஓட்டும் பேட்டரி ஸ்கூட்டர் ஒன்று அவளுக்குக் கட்டாயம் வேண்டும்.

பூங்காவிலும் வாடகைக்குத் தருகிறார்கள். ஆனால் முந்தி வருபவர்களுக்கே கிடைக்கும், பூங்காவை விட்டு வெளியே கொண்டுவரவும் கூடாது. அப்படியானால் பேருந்து நிறுத்தத்திலும் விடுதியிலும் அவள் நடக்க வேண்டியதாகிவிடும். ஆகவே, விடுதிக்கே கொண்டுவந்து தரும் வெளி நிறுவனத்திடம் ஐந்து நாளுக்கும் சேர்த்து எடு.

போன ஆனித் தேரோட்டத்துக்கு உன் அத்தையை வாடகைச் சக்கர நாற்காலியில் அழைத்துப்போனது உனக்குத் தெரியும். வாகையடி முக்கில் முன்சக்கரம் கழன்று, நான்கு பேர் அவளைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியதாயிற்று. கடையிலேயே சக்கரத்தை அசைத்துப் பார்க்காமல் வந்தது என் தவறு. தேர் நிலைக்கு வருவதைப் பாராமலே திரும்பியவள், இன்றுவரை எங்கே கூப்பிட்டாலும் வர மறுக்கிறாள். அம்மாவுக்கு அப்படி நேரக் கூடாது.

எனவே வாடகையைக் கேட்பதற்கு முன்னால், பேட்டரி போட்டு எவ்வளவு காலமாயிற்று என்றும், நடுப்பகலில் வண்டி நின்றுவிட்டால் மாற்று வண்டி எத்தனை மணி நேரத்தில் வரும் என்றும் கேள். பழைய பேட்டரி முழு சார்ஜ் காட்டிவிட்டு, ஆள் ஏறி ஒரு மேட்டைக் கடந்ததும் சட்டென்று இறங்கிவிடும். அதனால் முதல் நாள் மாலையே யாராவது உட்கார்ந்து அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். மூன்று சக்கர வண்டி குறுகிய இடத்தில் எளிதாகத் திரும்பும் என்றாலும், சாய்வான திருப்பத்தில் கவிழக்கூடும். அம்மாவுக்கு நான்கு சக்கரமே நல்லது. பிடியை விட்டால் வண்டி தானாக நின்றுவிடும் என்பதை அவள் கையாலேயே பலமுறை செய்து பழகட்டும். பயம் அதில்தான் தெளியும். பேருந்தின் சாய்தளத்தில் ஏற்றத் தயங்கினால் அவளை இறக்கிவிட்டு நீ ஏற்று. பேரன் மடியில் உட்கார அடம்பிடிப்பான்; அதற்கு அனுமதி இல்லை என்று இப்போதே சொல்லிவை. கோடையில் அங்கே பிற்பகல் இடிமழை வழக்கம் என்பதால், கைப்பிடிப் பகுதியை மூட ஒரு பிளாஸ்டிக் உறை கையோடு இருக்கட்டும். இரவு தூங்கப் போகும் முன் சார்ஜில் போட மறக்காதே.

“நான் நடந்தே வந்துவிடுவேன்” என்றுதான் அம்மா சொல்வாள். அவளோடு வாதாட வேண்டாம். நாங்கள் வந்து சேரும்போது வண்டி அறையில் இருக்கட்டும். வாடகை குறைவு என்பதற்காக மட்டும் எதையும் எடுத்துவிடாதே. கூடுதலாகும் பணத்தை நான் தருகிறேன். பதிவு செய்தவுடன் எனக்குத் தெரிவி.

இப்படிக்கு,
அப்பா